"ஒன்றுமில்லை" என்று சொல்லி அனுப்பாதீர்கள்: சுகாதாரத் துறைச் செயலாளருக்கு ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்: தனக்காகவும் அக்காவுக்காகவும் பல வருடங்களாக அரசு மருத்துவமனை வெளிநோயாளிப் பிரிவின் வரிசையில் நிற்கும் ஒருவன்

பெறுநர்: உயர்திரு சுகாதாரத் துறைச் செயலாளர் அவர்கள்

பொருள்: உடம்பையும் மனதையும் ஒரே நாளில், ஒரே சீட்டில் சேர்த்துப் பார்க்க ஏற்பாடு செய்யக் கோருதல் தொடர்பாக

ஐயா, வணக்கம்.

மனு என்றால் ஒரு பக்கத்துக்குள் முடிக்க வேண்டும் என்பார்கள். மன்னிக்கவும், இது நீளும். சுருக்கமாகச் சொல்லிச் சொல்லித்தான் என் அக்காவுக்கு ஒன்றரை வருடம் வீணாகப் போனது. டாக்டர் முன்னால் உட்கார்ந்தால் கிடைக்கிற இரண்டு நிமிடத்தில் "அசதியாக இருக்கிறது, காரணமே இல்லாமல் அழுகை வருகிறது" என்பதற்கு மேல் அவளால் எதுவும் சொல்ல முடிந்ததில்லை.

அழுகை என்ற சொல் காதில் விழுந்ததுமே மனநலப் பிரிவுக்குச் சீட்டு எழுதிவிட்டார்கள். அங்கே மனச்சோர்வு என்றார்கள், மாத்திரை கொடுத்தார்கள், அவளும் ஒழுங்காகச் சாப்பிட்டாள். எடை கூடியது, முடி கொட்டியது, மலச்சிக்கல் வந்தது, தோல் வறண்டது, வீட்டில் எல்லோரும் வியர்வையில் இருக்கும்போது அவள் மட்டும் போர்வைக்குள் இருந்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் தயாராக இருந்தது. எடை மாத்திரையால் கூடுகிறதாம், முடி கவலையால் கொட்டுகிறதாம், குளிர் அவளுடைய மனப்பிரமையாம். கடைசியில் அவள் சளிக்காகப் போன ஒரு நாளில், பணியில் இருந்த ஒரு பயிற்சி மருத்துவர் அவள் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ரத்தம் எடுக்கச் சொன்னார். பெரியவர்களுக்கு ஏறக்குறைய 4-ஐத் தாண்டக் கூடாத டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன், சுரப்பி மந்தமானால் இது ஏறும்) அவளுக்கு 60-க்கு மேல் இருந்தது. தைராய்டு சுரப்பி கிட்டத்தட்ட தூங்கிக்கொண்டிருந்தது.

காலையில் வெறும் வயிற்றில் ஒரு தைராக்சின் மாத்திரை, ஆறு வாரம் கழித்து மறுபடி பரிசோதனை, அளவைக் கொஞ்சம் கூட்டல், இவ்வளவுதான் வைத்தியம். நாலைந்து மாதத்தில் எங்கள் பழைய அக்கா முக்கால்வாசி திரும்பி வந்தாள். மீதிக் கால்வாசிக்குக் காரணம் நிஜமாகவே மனச்சோர்வுதான், அதற்கான மாத்திரையும் பேச்சு சிகிச்சையும் அவளுக்குத் தொடர்ந்து தேவைப்பட்டது. அதனால் மனநல மருத்துவர் பொய் சொன்னார் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் பார்த்தது சரி, பார்க்காமல் விட்டதுதான் தவறு. இரண்டு நோய் ஒரே ஆளுக்குள் ஒன்றாகக் குடியிருக்கலாம் என்று அந்த ஒன்றரை வருடத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை, அதுதான் என் ஆதங்கம்.

என் கதை இதற்கு நேர் எதிர். நடுராத்திரியில் திடீரென்று நெஞ்சு படபடக்கும், மூச்சு அடைக்கும், விரல் நுனி மரத்துப்போகும், செத்துவிடுவேன் என்று நிச்சயமாகத் தோன்றும். அவசரப் பிரிவுக்கு ஓடுவேன். ஈசிஜி எடுப்பார்கள். "நார்மல், உங்களுக்கு ஒன்றுமில்லை, வாயுவாக இருக்கும், போய்த் தூங்குங்கள்." இப்படி நான்கு தடவை. ஒன்றுமே இல்லாத ஒருவனுக்கு ஏன் சட்டை நனைகிறது என்று யாரும் சொல்லவில்லை. அது பதற்றத் தாக்குதல், ஆங்கிலப் பெயரில் பேனிக் அட்டாக், சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தானாகவே வடிந்துவிடும், பயம் பயத்தையே தின்று வளரும், முறையான பேச்சுப் பயிற்சியாலும் தேவைப்பட்டால் மருந்தாலும் நன்றாகக் கட்டுப்படும் என்பதெல்லாம் ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அதற்குள் நான் மாடிப்படி ஏறுவதையே நிறுத்தியிருந்தேன்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், யாரும் என்னைத் தவறாகப் புரிந்துகொள்ள வேண்டாம். நெஞ்சுவலி என்று வந்தவனுக்கு முதலில் இதயத்தைத்தான் பார்க்க வேண்டும். மாரடைப்பிலும் முதல் ஈசிஜி சில நேரம் சரியாகவே இருக்கும், அதனால்தான் இதயத் தசை பாதித்தால் ரத்தத்தில் ஏறுகிற ட்ரோபோனின் என்ற புரதத்தின் பரிசோதனையைச் சில மணி நேர இடைவெளியில் திரும்பச் செய்கிறார்கள். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலியே பெரிதாக இல்லாமல் மூச்சுத் திணறல், குமட்டல், அசதி என்று மாரடைப்பு வேஷம் மாற்றி வருவதும் உண்டு. "டென்ஷன்தான்" என்று அவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்புவது என் நான்கு ஈசிஜியை விடப் பெரிய ஆபத்து. எனக்குப் பரிசோதனை செய்ததில் குறையே இல்லை. பரிசோதனை முடிந்த பிறகு சொன்ன "ஒன்றுமில்லை" என்ற ஒரு சொல்லில்தான் குறை.

மூன்றாவது ஆள் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர். இருமுனைக் கோளாறுக்கு (மனம் அளவு மீறிய உற்சாகத்துக்கும் ஆழ்ந்த சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் நோய்) பல வருடமாக லித்தியம் சாப்பிட்டு, வேலைக்குப் போய், குடும்பம் நடத்தி வந்தவர். 1949-இல் ஆஸ்திரேலியாவின் ஜான் கேட் என்ற மருத்துவர் வெளியிட்ட கட்டுரையிலிருந்து இன்று வரை இந்த நோய்க்கு அது நல்ல மருந்துதான், ஆனால் ரத்தத்தில் அதன் அளவு கொஞ்சம் ஏறினாலே நஞ்சு. அவர் முழங்கால் வலிக்கு வேறு ஒரு பிரிவில் காட்டினார், இபுபுரோஃபென் எழுதிக் கொடுத்தார்கள். அந்த வகை வலி மாத்திரைகள் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றுவதைக் குறைத்து, ரத்தத்தில் அதன் அளவை ஏற்றிவிடும் என்பது மருந்தியல் பாடத்தில் இருக்கிற விஷயம், ஆனால் அவர் லித்தியம் சாப்பிடுகிறார் என்பது அந்தச் சீட்டில் இல்லை. பத்து நாளில் கை நடுங்கியது, நடை தள்ளாடியது, பேச்சு குழறியது. கூட்டிப் போனால், "பழைய வியாதி திரும்பிவிட்டது" என்றார்கள். ஒருவருக்கு மனநோய் என்று ஒருமுறை எழுதிவிட்டால் அதற்குப் பிறகு அவர் வயிற்றுவலி என்றாலும் மனநோய், தலைவலி என்றாலும் மனநோய். தீவிர மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களை விட 10 முதல் 20 வருடம் முன்னதாகவே இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, அதிலும் பெரும்பகுதி இதயம், சர்க்கரை, தொற்று என்று தடுக்கக்கூடிய உடல் நோய்களால். இந்த ஒரு வரியைத் தாங்கள் இரண்டு தடவை படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சரி, என்னதான் கேட்கிறாய் என்பீர்கள். புதுக் கட்டடம் கேட்கவில்லை, பெரிய இயந்திரமும் கேட்கவில்லை.

முதலில், சீட்டுப் போட்டதும் ரத்த அழுத்தம் பார்க்கிற அதே நாற்காலியில் இரண்டு கேள்வி கேளுங்கள். கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் ஆர்வமோ மகிழ்ச்சியோ இல்லாமல் இருந்ததா, மனம் சோர்ந்து நம்பிக்கை இழந்தது போல இருந்ததா, எத்தனை நாள். இது நான் கண்டுபிடித்ததில்லை, பிஎச்க்யூ-2 என்று உலகம் முழுக்கக் கேட்கிற கேள்விகள். மொத்தம் 6 மதிப்பெண்ணுக்கு 3 அல்லது அதற்கு மேல் வந்தால் ஒன்பது கேள்வி உள்ள பெரிய தாளுக்குப் போக வேண்டும், அதில் 27-க்கு 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவர் உட்கார்ந்து பேச வேண்டும், ஒன்பதாவது கேள்வி சாக வேண்டும் என்ற எண்ணத்தைப் பற்றியது, அதற்கு "ஆமாம்" என்று வந்தால் மொத்த மதிப்பெண்ணைப் பார்க்காமல் அன்றைக்கே பேச வேண்டும். அந்தத் தாள் இலவசம், அனுமதி கேட்கக்கூடத் தேவையில்லை. மதிப்பெண்ணை வைத்தே நோய் என்று முத்திரை குத்தக் கூடாது, அது கதவைத் தட்டுகிற வேலையை மட்டும்தான் செய்யும்.

ஆனால் தயவுசெய்து அந்தக் கேள்விகளை வரிசையில் நிற்கிற எல்லோர் காதிலும் விழும்படி கேட்காதீர்கள். பின்னால் மாமியாரும் பக்கத்து வீட்டுக்காரரும் நிற்கும்போது எந்த மனிதர் "ஆமாம், வாழப் பிடிக்கவில்லை" என்பார்? ஒரு திரை போதும். எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்குத் தாளைக் கையில் கொடுத்தால் திரைகூட வேண்டாம்.

அடுத்து, மனச்சோர்வு என்று எழுதுவதற்கு முன்பு ஒரு சின்ன ரத்தப் பட்டியல் கட்டாயமாக வேண்டும்: ஹீமோகுளோபின், டிஎஸ்எச், சர்க்கரை. கால் மரத்துப்போகிறது, மறதி இருக்கிறது என்றால் வைட்டமின் பி12-ஐயும் சேர்க்க வேண்டும், அதிலும் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிடுகிறவர்களுக்குக் கட்டாயம் சேர்க்க வேண்டும், ஏனென்றால் அந்த மருந்தே பி12-ஐக் குறைக்கக்கூடியது. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனாலே ரத்த சோகை. அசதியும் எரிச்சலும் கவனக்குறைவும் அதிலிருந்தே வரலாம், அதை "வீட்டில் ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டு முடித்துவிடுகிறார்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தால் அக்கா கதை தலைகீழாகும், படபடப்பும் கை நடுக்கமும் தூக்கமின்மையும் வந்து என்னைப் போன்ற பதற்ற நோயாளி மாதிரியே தெரியும். ஆக, எனக்கும் அந்த நான்கு ஈசிஜியோடு ஒரு டிஎஸ்எச் எடுத்திருக்க வேண்டும்.

வயதானவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. நேற்று வரை தெளிவாக இருந்தவர் இரண்டே நாளில் ஆள் அடையாளம் தெரியாமல் பேசினால் அது முதுமை மறதி இல்லை, சிறுநீர்த் தொற்றோ நிமோனியாவோ ரத்தத்தில் சோடியம் குறைவோ புதிதாகச் சேர்த்த மாத்திரையோ காரணமாக இருக்கலாம், அது அவசர நிலை. மறதி நோய் மாதக்கணக்கில் மெதுவாக வருவது. இந்த ஒரு வித்தியாசத்தை வார்டுகளில் ஒட்டி வைத்தாலே சில உயிர்கள் பிழைக்கும்.

அப்புறம் மனநலப் பிரிவில் எடை மிஷினும் ரத்த அழுத்தக் கருவியும் இருக்க வேண்டும். சிரிப்பாக இருக்கிறதா? நான் பார்த்த பிரிவில் இரண்டும் இல்லை. ஒலான்சபின், குளோசபின் போன்ற தீவிர மனநோய்க்கான மருந்துகள் எடையையும் சர்க்கரையையும் கொழுப்பையும் ஏற்றும் என்பது தெரிந்ததுதான். தொடங்கும்போது ஒரு தடவை, மூன்று மாதத்தில் ஒரு தடவை, பிறகு வருடா வருடம் சர்க்கரை பார்க்க வேண்டும் என்று அமெரிக்க நீரிழிவு சங்கமும் அங்குள்ள மனநல மருத்துவர் சங்கமும் சேர்ந்து 2004-லேயே சொல்லிவிட்டன. லித்தியம் சாப்பிடுகிறவருக்கு அதன் ரத்த அளவோடு தைராய்டும் சிறுநீரகமும் பார்க்க வேண்டும். அதே போல சர்க்கரை நோய்ப் பிரிவுக்கும் அந்த இரண்டு கேள்விகள் போக வேண்டும், சர்க்கரை உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. மனம் விட்டுப்போனவர் ஊசியும் போடமாட்டார், நடக்கவும் மாட்டார், பிறகு "நோயாளி ஒத்துழைக்கவில்லை" என்று எழுதுவார்கள்.

இதெல்லாம் இரண்டு நிமிடத்தில் நடக்குமா என்று தாங்கள் கேட்டால், நடக்காது. மருத்துவர்களைத் திட்ட இந்த மனு இல்லை, ஒரு காலைப்பொழுதில் அவர்கள் பார்க்கிற கூட்டத்தை நான் அதே வரிசையில் நின்று எண்ணியிருக்கிறேன். அதனால்தான் செவிலியர்களைப் பழக்குங்கள் என்கிறேன். மனநல நிபுணர் இல்லாத இடத்தில் சாதாரண மருத்துவரும் செவிலியரும் மனச்சோர்வு, வலிப்பு, மனப்பிறழ்வு, மதுப் பழக்கம் போன்றவற்றை எப்படிப் பார்ப்பது என்று உலக சுகாதார நிறுவனம் 2008-இல் எம்எச்கேப் என்ற திட்டத்தைத் தொடங்கி, 2010-இல் கையேடும் வெளியிட்டிருக்கிறது. பாடம் தயாராக இருக்கிறது, வகுப்பு நடத்த ஆணைதான் வேண்டும்.

செவிலியரால் செய்ய முடிகிற இன்னொன்று, மாத்திரையைப் பற்றிப் பேசுவது. அக்கா முதல் வாரத்திலேயே மனச்சோர்வு மாத்திரையை நிறுத்தப் போனாள், ஏனென்றால் குமட்டல்தான் வந்தது, குணம் தெரியவில்லை. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், பக்கவிளைவு முதலில் வந்து பலன் பிறகு வரும், சரியான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும், திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றலும் ஷாக் அடிப்பது போன்ற உணர்வும் வரும் என்று யாராவது அன்றைக்கே சொல்லியிருந்தால் நான் அவளோடு ஒரு மாதம் சண்டை போட்டிருக்க வேண்டியதில்லை. ரத்த அழுத்த மாத்திரைக்கும் இதே கதைதான், தலைவலி இல்லை என்று நிறுத்துகிறவர்கள் எத்தனை பேர்! அந்த அழுத்தத்தையும் ஒழுங்காகப் பார்க்கச் சொல்லுங்கள் ஐயா. ஓடி வந்தவரை நிற்க வைத்து, பேசிக்கொண்டே, தடித்த கைக்குச் சின்னப் பட்டையைச் சுற்றினால் எண் கூடத்தான் காட்டும். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார வைத்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்துப் பார்த்தால் பாதிப் பேருக்கு வேறு எண் வரும் என்பது என் சந்தேகம்.

கடைசியாக அந்தப் பெரியவருக்காகக் கேட்பது. எந்தப் பிரிவுக்குப் போனாலும் ஒரே நோட்டு, முதல் பக்கத்தில் இப்போது சாப்பிடுகிற எல்லா மருந்தும். மனநல மருந்தையும் அதே பக்கத்தில் எழுத வேண்டும், அட்டையின் மேல் பிரிவின் பெயரைக் கொட்டை எழுத்தில் அச்சடிக்க வேண்டாம். எங்கள் மனநலப் பிரிவின் சீட்டு மட்டும் தனி நிறம், அதை மடித்து மறைத்து எடுத்துப் போவதே ஒரு வேலை. அந்தப் பெரியவர் முழங்காலைக் காட்டப் போன அன்று தன் சீட்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனதற்குக் காரணம் அந்த நிறம்தான்.

முதல் கட்டமாக ஏதாவது ஒரு மருத்துவமனையில் ஆறு மாதம் மட்டும் இரண்டு கேள்வி, மூன்று பரிசோதனை, ஒரு நோட்டு என்று நடத்திப் பார்க்க ஆணையிடும்படி கேட்டுக்கொள்கிறேன். செய்ய முடியாது என்றால் எது முடியாது, ஏன் முடியாது என்று எழுதி அனுப்புங்கள். "தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது" என்ற பதில் மட்டும் வேண்டாம், "ஒன்றுமில்லை" என்பதும் அதுவும் என் காதுக்கு ஒன்றுதான்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வரிசையில் நிற்பவன்

இணைப்பு: அக்காவின் முதல் டிஎஸ்எச் அறிக்கை நகல் (அவள் சம்மதத்துடன்), என் ஈசிஜி நகல்கள் நான்கு.