மலையாளப் பக்கத்தைத் தமிழாக்கும் பொத்தான்

ஆசிரியருக்கு,

களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களில் பலருக்கு மலையாளம் வாயில் வரும், எழுத்துக் கூட்டத்தான் வராது. பாறசாலை பக்கம் நிலமோ உறவோ உள்ளவர்கள் கேரள அரசுத் தளத்தில் மலையாளப் பக்கத்தைத் திறந்துவிட்டு விழிக்க வேண்டியதில்லை. ஒரு புக்மார்க்லெட் (அழுத்தினால் சிறு நிரலை ஓட்டும் புக்மார்க்) போதும். ஆனால், வாட்ஸ்அப்பில் வந்த நிரலைப் படிக்காமல் ஒட்டாதீர்கள்.

சாதாரண புக்மார்க்கில் இணைய முகவரி இருக்கும் இடத்தில், இதில் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் இருக்கும். குரோமில் கன்ட்ரோல், ஷிப்ட், பி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் புக்மார்க் பட்டை தெரியும். அதில் ரைட் கிளிக் செய்து புதுப் பக்கம் சேர்த்து, பெயருக்கு ‘தமிழில்’ என்றும், யூஆர்எல் கட்டத்தில் நிரலையும் இடுங்கள். ஜாவாஸ்கிரிப்ட் என்ற சொல்லை ஆங்கிலத்தில் எழுதி முக்காற்புள்ளி வைத்துத் தொடங்க வேண்டும். பிறகு வேலை சின்னதுதான்: திறந்திருக்கும் பக்கத்தின் முகவரியை எடுத்து, கூகுள் டிரான்ஸ்லேட் முகவரியின் வாலில் ஒட்டி, அங்கே போகச் சொல்வது. ஒட்டுமுன் அந்த முகவரியை ‘என்கோட்யூஆர்ஐகாம்பொனென்ட்’ கட்டளைக்குள் கொடுக்கத் தவறினால், & குறி வரும் இடத்தோடு மீதி அறுந்துபோய் வேறு ஏதோ பக்கம் வந்து நிற்கும்.

வேர்டில் தட்டிய நிரலில் நேர் மேற்கோள்குறி வளைந்த குறியாக மாறிவிடும். பொத்தானை அழுத்தினால் திரையில் ஒரு அசைவும் இருக்காது. // போட்டுக் குறிப்பு எழுதியிருந்தால், யூஆர்எல் கட்டத்தில் வரிகள் ஒன்றாகச் சேரும்போது அதற்குப் பின்னுள்ள நிரல் முழுவதும் குறிப்பாகிவிடும். நிரல் முடிவில் ஏதாவது ஒரு சொல் விடையாக மிஞ்சினால், பக்கமே அழிந்து அந்தச் சொல் மட்டும் திரையில் நிற்கும். மொத்தத்தையும் ஃபங்ஷன் என்ற உறைக்குள் அடைத்து எழுதுவது இதற்காகத்தான்.

அழுத்திய நொடியில் நிரல் அந்தப் பக்கத்தின் முழு உரிமையோடு ஓடும். அது வங்கிப் பக்கமாக இருந்தால், கட்டத்தில் தட்டிய பாஸ்வேர்டை நிரலால் படிக்க முடியும், லாகின் செய்திருந்தால் உங்கள் பெயரிலேயே படிவமும் அனுப்ப முடியும். எக்ஸ்டென்ஷன் (பிரவுசரில் நிறுவும் துணை நிரல்) போல அனுமதி கேட்காது. (எக்ஸ்டென்ஷனோ எந்நேரமும் உட்கார்ந்திருக்கும்; இது அழுத்தினால் மட்டும், அந்த ஒரு பக்கத்தில் மட்டும். அந்த அளவில் இது தேவலை.) அட்ரஸ் பாரில் ஒட்டும்போது குரோம் ‘ஜாவாஸ்கிரிப்ட்’ என்ற அந்த முதற்சொல்லை வெட்டிவிடுவது வம்பைத் தடுக்கத்தான். அங்கே அதைக் கையால் திரும்பத் தட்டச் சொல்கிற ஆளை நம்பாதீர்கள். நிரலுக்குள்ளிருந்து வேறொரு தளத்தின் நிரலை இழுப்பதும் வேண்டாம். அங்கே நாளை அதை மாற்றினாலும் உங்கள் புக்மார்க்கில் ஒரு எழுத்துகூட மாறியிருக்காது.

லாகின் செய்த பக்கத்தில் ‘தமிழில்’ பொத்தான் பலிக்காது. பக்கத்தை எடுக்கப் போவது கூகுளின் சர்வர். உங்கள் லாகின் அதனிடம் கிடையாது. முகவரியில் விண்ணப்ப எண் இருந்தால் அதுவும் கூடவே கூகுளுக்குப் போகும். படிவம் நிரப்ப ஆதார் எண்ணோடு எழுதிய புக்மார்க்லெட்டை பிரவுசிங் சென்டர் கணினியில் விட்டு வந்தால், அடுத்து உட்காருபவர் எடிட் அழுத்தியே படித்துவிடலாம்.

இணைய சேவை மையத்தினர்,
களியக்காவிளை