பரணில் இருந்து இறங்கும் பொருள்கள்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை தொடங்கும் இவ்வேளையில் ஒரு வேண்டுகோளுடன் இக்கடிதத்தை எழுதுகிறேன். தை பிறப்பதற்கு முன் நம் ஊர்ப் பக்கம் பல வீடுகளில் ஒட்டடை அடித்து, வெள்ளையடித்து, பரணில் கிடப்பவற்றைக் கீழே இறக்குவது வழக்கம். அவற்றுள் சில போகித் தீயில் விழுகின்றன. மற்றவை பழைய இரும்புக்கடைக்கு எடைக்குப் போகின்றன. இந்த ஆண்டு அதற்கு முன்பாக உங்கள் பிள்ளை அந்தக் குவியலிலிருந்து ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து, வீட்டை அழகுபடுத்தும் பொருளாக அதை மாற்றி, குடியரசு நாளன்று பள்ளிக் கண்காட்சியில் வைக்க வேண்டும் என்று ஆசிரியர்கள் விரும்புகிறோம். கண்காட்சி முடிந்ததும் பொருள் உங்கள் வீட்டுக்கே வந்து சேரும்.

பொருளில் கை வைப்பதற்கு முன், அது எதற்குப் பயன்பட்டது என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் பிள்ளை கேட்டறிய வேண்டும். இதை நான் மிகவும் வற்புறுத்துகிறேன். தானியம் அளக்கும் மரக்காலும் படியும் உழக்கும் இன்னும் சில வீடுகளில் இருக்கின்றன. எட்டு ஆழாக்கு ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால் என்று அப்பத்தாவுக்கு மனப்பாடமாகத் தெரியும். மெட்ரிக் அளவுக்கான சட்டம் 1956-இல் வந்த பிறகு பள்ளிக்கு வந்த தலைமுறைகளுக்கு அது மெல்ல மறந்துபோயிற்று. வீட்டிலுள்ள படியில் அரிசியை நிரப்பி, அது எத்தனை மில்லி லிட்டர் கொள்கிறது என்று பிள்ளை அளந்து ஒரு தாளில் எழுதி வந்தால், அந்தப் படி பூச்செடி தாங்கும் சாடியாக நின்றாலும் படியாகவே அறியப்படும். பனையோலைக் கொட்டான், கடகம், அரிக்கேன் விளக்கு, அஞ்சறைப்பெட்டி என எதை எடுத்தாலும் பெரியவர் சொன்னதை அரைப் பக்கம் எழுதி உடன் அனுப்புங்கள். மதிப்பெண்ணில் பாதி அந்தத் தாளுக்கே.

முழுமையாக இருக்கும் பொருளை அறுக்கவோ துளையிடவோ வேண்டாம். அஞ்சறைப்பெட்டியைக் கழுவித் துடைத்துச் சுவர் மாடத்தில் வைத்தாலே அழகுதான். பின்னாளில் மீண்டும் கடுகும் சீரகமும் போட வேண்டுமென்றாலும் தடையில்லை. விளிம்பு உடைந்த ஊறுகாய் ஜாடி, கால் போன முக்காலி, கண்ணாடி இல்லாத ஜன்னல் சட்டம், கிழிந்த சேலை, கழித்துப் போட்ட வள்ளத்தின் பலகை போன்றவற்றைத் தாராளமாக வெட்டி ஒட்டலாம். பலகையில் துருப்பிடித்த ஆணி இருந்தால் அதைப் பெரியவர்களே பிடுங்கித் தரவேண்டும்.

நம் கடற்கரைக் காற்றில் உள்ள உப்பு ஈரத்தை இழுத்து இரும்பை வேகமாகத் துருப்பிடிக்க வைக்கும் என்பதை நீங்கள் அன்றாடம் காண்கிறீர்கள். உப்பு படிந்திருக்கும்போதே மேலே வண்ணம் பூசினால், சில மாதங்களில் அது பொக்குவிட்டு உரிந்துவிடும். எனவே முதலில் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் இரண்டு மூன்று முறை துடைத்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து, துருவை உப்புத்தாளால் தேய்த்த பின்பே வண்ணம் பூச வேண்டும். குடிநீருக்குக் குடம் சுமக்கும் ஊர்களில் பொருளைத் தண்ணீரில் ஊறவைக்கச் சொல்வது நியாயமன்று, துணி போதும். பித்தளைக்கும் செம்புக்கும் புளியே போதும், ஆனால் புளியின் பிசுக்கு தங்காமல் துடைத்துவிட வேண்டும். உள்ளே வெள்ளீயப் பூச்சு தேய்ந்துபோன பாத்திரத்தை அலங்காரத்துக்கு மட்டுமே வையுங்கள்.

ஏற்கெனவே வண்ணம் பூசிய பழைய கதவு, தொட்டில், பொம்மை ஆகியவற்றைப் பிள்ளைகள் உப்புத்தாளால் தேய்க்கக் கூடாது. வீட்டு வண்ணங்களில் ஈயத்தின் (காரீயத்தின்) அளவைப் பத்து லட்சத்துக்கு 90 பங்கு என்று கட்டுப்படுத்தும் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய வண்ணத்தின் தூசியில் ஈயம் இருக்கக்கூடும். அது சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். உடைந்த டியூப் லைட், பழைய பேட்டரி, காய்ச்சல் பார்க்கும் பாதரசக் குழாய் ஆகியவற்றையும் கொடுத்தனுப்ப வேண்டாம்.

அழகுக்காகக் கடலில் இருந்து எதையும் எடுக்க வேண்டாம் என்பதையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பவளம், கடல் விசிறி (விசிறி போல் விரியும் பவள வகை), கடற்குதிரை ஆகியவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் சேர்க்கப்பட்டன. செத்துக் கரை ஒதுங்கியதாக இருந்தாலும் வீட்டில் வைத்திருப்பது குற்றமாகும். நம் எதிரே கிடக்கும் தீவுகள் உள்ளிட்ட மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவித்ததே இவற்றைக் காப்பதற்காகத்தான். சுண்ணாம்புக்காகப் பவளப் பாறையை வெட்டி எடுத்த காலம் இக்கரையில் இருந்தது; அந்த இழப்பை நம் பிள்ளைகளின் கையால் ஒரு கல் அளவுக்குக்கூட மீண்டும் கூட்டக் கூடாது. மாறாக, கொல்லையில் கிடக்கும் கிழிந்த தங்கூசி (நைலான் இழை) வலையையும் அறுந்த கயிற்றையும் கொண்டுவந்தால் மகிழ்வேன். அவை கடலுக்குள் போனால் ஆமைகள் சிக்கிச் சாகும்; இங்கோ திரைச்சீலையாகவோ தொங்குகூடையாகவோ பயன்படும்.

இதற்காகக் கடையில் புதிதாக எதையும் வாங்க வேண்டாம். பசையும் வண்ணமும் பள்ளியே தரும். கொடுக்கப் பழைய பொருள் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் வகுப்பாசிரியரிடம் சொன்னால், பள்ளியில் கழித்த பெஞ்சுப் பலகைகளிலிருந்து வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். இதில் எந்தத் தயக்கமும் வேண்டாம்.

பொருளையும் தாளையும் ஜனவரி 20-க்குள் வகுப்பாசிரியரிடம் சேர்த்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். கடலுக்குப் போகும் அப்பாமார் வந்து பார்க்க வசதியாக, கண்காட்சி மாலை ஆறு மணி வரை திறந்திருக்கும்.

தங்கள் அன்புள்ள,
தலைமையாசிரியர்