காலிக் கட்டமும் பூஜ்யமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முனைவர் பட்டம் முடித்தவர்கள் வேலை தேடி அலைவதைப் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 'அரசுத் துறைகளில் தரவுப் பணிக்கு இவர்களை எடுக்கலாமே' என்று அதில் ஒரு வரி வருகிறது. நான்கு வருடமாக அந்த வேலையில்தான் இருக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

என் ஆராய்ச்சி, ஒளி கூடிக் குறையும் விண்மீன்களைப் பற்றியது. ஜவ்வாது மலையில், காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கியோடு பல இரவுகள் கண்விழித்திருக்கிறேன். வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் வானம் திறக்காது. டீயைக் குடித்துவிட்டுப் படுக்கப் போக வேண்டியதுதான். நட்சத்திரத்தின் ஒளியை நாள்வாரியாகக் குறிக்கும் வரைபடத்தில் அந்த இரவுகளுக்குப் புள்ளி இருக்காது. இடத்தைக் காலியாக விடுவோமே தவிர, நட்சத்திரம் அணைந்துவிட்டது என்று எழுத மாட்டோம்.

பட்டத்துக்குப் பிறகு இரண்டு தற்காலிக ஆய்வுப் பணிகள். அப்புறம், 34 வயதில், ஒரு மாவட்டத்தின் சுகாதாரத் தரவு வேலை. முதல் மாதமே ஒரு எக்செல் அட்டவணை கைக்கு வந்தது: துணை சுகாதார நிலையம் வாரியாகக் கர்ப்பிணிகள் பதிவு. மலைக் கிராமங்கள் சிலவற்றுக்கு வாராவாரம் 0, 0, 0. மாதக் கடைசியில் ஒரே நாளில் 9. ஆய்வுக் கூட்டத்தில் 'அந்தச் செவிலியர் வேலையே பார்ப்பதில்லை' என்று முடிவுகட்டிவிட்டார்கள். அதற்கு வண்ண வண்ணமாகப் படம் போட்டுக் கொடுத்தது நான்தான்.

மனசு கேட்காமல் மலைக்குப் போனேன். அந்த அம்மா ஒரு நீள நோட்டை எடுத்துக் காட்டினார். வீட்டுக்குப் போன தேதி, கடைசி மாதவிலக்கு, எடை, ஹீமோகுளோபின் என்று வாரம் தவறாமல் நீல மையில் எழுதியிருந்தார். "சிக்னல் இல்லாத இடத்துல எப்படி மேடம் ஏத்துறது? மீட்டிங்குக்குக் கீழே வர்றப்ப மொத்தமா ஏத்திடுவேன்" என்றார். அலுவலகத்துக்குத் திரும்பி அட்டவணையைக் குடைந்தபோது, காலிக் கட்டங்களை 0 ஆக மாற்றும் ஃபார்முலாவை யாரோ எப்போதோ போட்டு வைத்திருந்தது தெரிந்தது. மேகம் மூடிய இரவை நட்சத்திரம் இல்லாத இரவாக்கியிருக்கிறார்கள்!

கர்ப்பிணியைக் கணினியில் பதிந்தால் கிடைக்கும் பிக்மி எண் இருந்தால்தான் மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய்க்கு வழி. ஆகவே இது வெறும் கணக்குப் பிழை இல்லை.

நான் செய்ததெல்லாம், வீட்டுக்குப் போன தேதி, கணினியில் ஏற்றிய தேதி என்று அட்டவணையில் தனித்தனியாக இரண்டு பத்தி வைத்ததுதான். "மெஷின் லேர்னிங் எதுவும் செய்யலையா?" என்று மேலதிகாரி கேட்டார். இன்னொன்றும் உண்டு: எடுத்து முடித்த கடைசி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2011-இல். அதிலிருந்து நீட்டிப் போட்ட உத்தேச எண்ணால் வகுத்துத்தான் சதவீதம் சொல்கிறோம். ஒரு வட்டாரத்தில் தடுப்பூசி 100 சதவீதத்தைத் தாண்டினால் சந்தேகப்பட வேண்டாமா? எங்களிடம் பாராட்டுக் கடிதம் தயாராகிறது.

ஆய்வாளர்கள் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல வரவில்லை. முதல் ஆறு மாதம் நான் பெரிய தொல்லை. பத்து மணிக்குக் கேட்ட எண்ணுக்கு, பிழை வரம்பு போட்டு மூன்று பக்கம் எழுதிக்கொண்டிருப்பேன். எடுப்பதாக இருந்தால் முதல் மாதம் கணினி கொடுக்காதீர்கள், செவிலியரோடு அனுப்புங்கள்.

ஆனால் எடுக்க வேண்டுமே. எங்கள் அலுவலகத்தின் புதிய அறிவிப்பில் பி.இ. கணினி அறிவியல் மட்டும்தான் தகுதி. பதினொரு மாத ஒப்பந்தம். இயற்பியலும் தாவரவியலும் படித்தவர்கள் விண்ணப்பிக்கவே முடியாது. அடுத்த மாதம் என் ஒப்பந்தம் முடிகிறது. இந்த விதிப்படி எனக்கே தகுதியில்லையே என்று பிரிவு எழுத்தரிடம் கேட்டேன். "பார்த்துக்கலாம் மேடம்" என்றார்.

இப்படிக்கு,
முன்னாள் வானியல் ஆய்வாளர்
(பெயரை வெளியிட வேண்டாம்)