ஏஜெண்டைப் பார்க்கப் போகும் முன் அரை நாள் வேண்டும்

தமிழ்நாட்டு ஐ.டி.ஐ. முதல்வர்களுக்கும் பயிற்றுநர்களுக்கும் வணக்கம்.

வெல்டர் பிரிவில் ஒரு வருடம் படித்துவிட்டு, சவூதியில் ஜுபைல் பக்கம் ஆறு வருடம் பைப் வெல்டிங் பார்த்தவன் நான். போன மாதம் எங்கள் தெருத் தம்பி ஒருவன் வந்தான். "அண்ணே, வெளிநாட்டு வேலைக்குத் திங்கட்கிழமை ஏஜென்சியில வரச் சொல்லியிருக்காங்க. என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?" என்றான். சான்றிதழ்களை லேமினேட் செய்து அடுக்கி வைத்திருந்தான். 6ஜி என்ற பைப் வெல்டிங் சோதனை பற்றி எதைக் கேட்டாலும் பதில் வந்தது. "சரி, ஏஜெண்டிடம் நீ என்ன கேட்கப் போகிறாய்?" என்றேன். "நான் கேட்கிறதா?" என்று விழித்தான்.

நானும் அப்படித்தான் போய் உட்கார்ந்தேன். பேச்சில் 1,800 ரியால் சம்பளம் என்றார்கள். விமானம் ஏறும் நாளன்று, விமான நிலைய வாசலில்தான் ஒப்பந்தத்தை நீட்டினார்கள். ஆங்கிலமும் அரபியுமாக இருந்தது. அவசரப்படுத்தினார்கள், கையெழுத்துப் போட்டேன். கேம்ப்பில் ஒருவர் வாசித்துக் காட்டியபோதுதான் அதில் 1,200 என்று இருப்பது தெரிந்தது. அம்மாவின் நகை அடகில் இருந்தது. அதை மீட்கவே ஒன்றரை வருடம் ஆனது.

வெளிநாடு போகிறவர்களுக்கு அரசு ஒரு நாள் இலவசப் பயிற்சி தருகிறது. நல்ல பயிற்சிதான். ஆனால் அதற்குப் போகும்போது பெரும்பாலும் பணம் கைமாறியிருக்கும், காகிதத்தில் கையெழுத்தும் விழுந்திருக்கும். மாணவன் உங்கள் பட்டறையில் இருக்கும்போதே அரை நாள் ஒதுக்குங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

அந்த அரை நாளில் முதலில் அவன் பாஸ்போர்ட்டைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். வெல்டர் பிரிவில் எட்டாம் வகுப்பு முடித்தவர்களும் சேர்கிறார்கள். பத்தாவது தேறாத பலருக்கு அது ஈ.சி.ஆர்., அதாவது குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட். வளைகுடா நாடுகளும் மலேசியாவும் உள்பட 18 நாடுகளுக்கு அவன் வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாவலர் என்ற அரசு அதிகாரியின் அனுமதி வேண்டும். இதைத் தொல்லை என்று சொல்லி, "விசிட் விசாவில் போய்விடு, அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்பார்கள். அப்படிப் போகிறவனுக்கு அரசின் பதிவும் இல்லை, 10 லட்சம் ரூபாய் காப்பீடும் இல்லை.

அப்புறம் ஆர்.சி. நம்பர், அதாவது ஏஜெண்டின் பதிவுச் சான்றிதழ் எண். 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்ற ஏஜெண்ட்தான் ஆள் அனுப்பலாம். அந்த எண்ணை அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் போட்டால், பதிவு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று செல்போனிலேயே தெரிந்துவிடும். ஊருக்குள் பைக்கில் வரும் சப் ஏஜெண்டிடம் அந்த நம்பர் இருக்காது. அடுத்தது பணம். சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., ஆக 35,400. ரசீது தர வேண்டும். ஒன்றரை லட்சம் கேட்கிறவனிடம் ரசீது கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், முகம் மாறும்.

ஒப்பந்தத்தைத்தான் நான் அதிகம் வலியுறுத்துவேன். நகலை வீட்டுக்குக் கொண்டுபோய் வாசிக்க வேண்டும். அடிப்படைச் சம்பளம் தனி, ஓ.டி. என்கிற கூடுதல் நேரச் சம்பளம் தனி. சிலர் இரண்டையும் கூட்டி ஒரே தொகையாகச் சொல்லி மயக்குவார்கள். எத்தனை மணி நேர வேலை, சாப்பாடு யார் பொறுப்பு, இக்காமா என்ற தங்கும் அனுமதி அட்டைக்கான செலவு யாருடையது, முடித்துவிட்டுத் திரும்பும் டிக்கெட் யார் எடுப்பது என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். ஒரு மாணவனை ஏஜெண்டாக உட்கார வைத்து, இன்னொருவனை எதிரே உட்காரச் சொல்லி வகுப்பிலேயே பேசிப் பழக்குங்கள். கேட்டுப் பழகாத வாய் அந்த ஏ.சி. அறையில் திறக்காது.

படித்தவர்கள் ஏமாற மாட்டார்கள் என்றும் விட்டுவிட வேண்டாம். தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போய், மியான்மரில் மோசடிக் கும்பலிடம் சிக்கிய தமிழர்கள் 13 பேர் 2022 அக்டோபரில்தான் சென்னைக்கு மீட்டு வரப்பட்டார்கள்.

நம் தமிழ்நாடு அரசே 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் நடத்துகிறது. சென்னை கிண்டியில் இருக்கிறது. அங்கும் பதிவு செய்யலாம் என்று அந்தத் தம்பிக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

நான் கையெழுத்துப் போட்ட அந்த ஒப்பந்தம் இன்னும் பத்திரமாக இருக்கிறது. கூப்பிட்டால் எடுத்துக்கொண்டு வருகிறேன். உங்கள் மாணவர்கள் கையில் வாங்கி, ஒரு வரி விடாமல் வாசித்துப் பார்க்கட்டும்.

அன்புடன்,
ஊர் திரும்பிய ஒரு வெல்டர்