கைமாற்று மின்சாரம்

முத்தியால்பேட்டை,
புதுச்சேரி.

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. கடலூர் முதுநகர் ஐஸ் ஃபேக்டரியை நீயே எடுத்து நடத்துவதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். என் மூட்டுவலி பரவாயில்லை, காலையில் கடற்கரை வரை நடக்கிறேன்.

சரி, மே மாத பில்லுக்கு வருகிறேன். பவர் ஃபேக்டர் 0.70-க்கு இறங்கிவிட்டது என்று அபராதம் போட்டிருப்பதால் மீட்டரைச் சந்தேகப்படுகிறாய். எனக்கு மோட்டார் மேல்தான் சந்தேகம். மோட்டார் சுற்றுவதற்கு உள்ளே காந்தப்புலம் வேண்டும். அதற்கான சக்தியை லைனிலிருந்து கைமாற்றாக வாங்கி உடனே திருப்பிக் கொடுத்துவிடும். நொடிக்கு 100 தடவை இந்தக் கொடுக்கல் வாங்கல். அந்தச் சக்தி செலவாவதில்லை, ஆனால் வந்து போவது அதே கம்பியில்தானே? கம்பிக்குச் சுமை ஏறுகிறது.

வேலை செய்யும் கிலோவாட்டை, லைன் சுமக்கும் மொத்த கே.வி.ஏ.வால் (வேலைக்கானதும் கைமாற்றும் சேர்ந்த சுமை) வகுத்தால் வருவதுதான் பவர் ஃபேக்டர். உன் 40 கிலோவாட்டுக்கு இப்போது 57 கே.வி.ஏ. இழுக்கிறாய். 415 வோல்ட் மூன்று ஃபேஸ் லைனில் ஃபேஸுக்கு 80 ஆம்பியர். 0.95-க்கு ஏற்றினால் 59 ஆம்பியர் போதும், கம்பியில் சூடாகப் போகிற நஷ்டம் கிட்டத்தட்ட பாதி குறையும்.

மே மாதத்தில் ஏன் இவ்வளவு இறங்கியது? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். ஐஸுக்குக் கிராக்கி இல்லாமல் மோட்டார் அரைச்சுமையில் ஓடியிருக்கும். வேலை குறைந்தாலும் காந்தத்துக்கு வேண்டியது குறையாது.

மருந்து கெபாசிட்டர்தான், மின்சாரத்தைச் சேர்த்து வைத்துத் திருப்பிக் கொடுக்கும் சாதனம். கைமாற்று பக்கத்திலேயே கிடைத்தால் மோட்டார் லைனிடம் போகாது. உனக்குச் சுமார் 28 கே.வி.ஏ.ஆர். (கைமாற்றுச் சக்தியை அளக்கும் அலகு) வேண்டும். மோட்டார் நின்றால் கெபாசிட்டரும் தானாகக் கழன்றுகொள்ளும்படி வயரிங் செய். துறைமுகத்து உப்புக்காற்றில் டெர்மினல் அரித்துவிடும், மாதம் ஒருமுறை பார்க்கச் சொல்.

அப்புறம், வீட்டு பிளக்கில் செருகினால் பில் குறையும் என்று ஒருவர் விற்ற பெட்டியைத் தங்கச்சி வாங்கியதாக எழுதியிருக்கிறாய். வீட்டுக்குப் பில் யூனிட் கணக்கில்தான், அதாவது நிஜமாகச் செலவான மின்சாரத்துக்குத்தான். அந்தப் பெட்டியால் யூனிட் குறையாது. திருப்பிக் கொடுக்கச் சொல்.

ஞாயிறு காலை, கம்பியைக் கவ்வி ஆம்பியர் அளக்கும் கிளாம்ப் மீட்டரோடு வருகிறேன். அதுவரை பேனலில் இருக்கும் பழைய கெபாசிட்டரை யாரும் தொட வேண்டாம். ஸ்விட்சை அணைத்த பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும், பையன்களிடம் இன்றைக்கே சொல்லிவிடு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்