கோப்ராஸ் பிறந்த ஊர்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் வேளை தவறாமல் விடச் சொல்.

உன் எம்.இ. மாணவியின் ஆய்வேட்டில் கோப்ராஸ் கணக்கு (பல தெரிவுகளைப் பல அளவுகோல்களில் ஒப்பிட்டு எது சிறந்தது என்று வரிசைப்படுத்தும் முறை) வருகிறது, மேற்கோள்களில் திரும்பத் திரும்ப ஒரே லித்துவேனியப் பல்கலைக்கழகம்தான் நிற்கிறது, அது எப்படிப்பட்ட இடம், அவள் அங்கே போய்ப் படிக்கலாமா என்று கேட்டிருந்தாய். வில்னியஸ் கெதிமினாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அது. இப்போது வில்னியஸ் டெக் என்கிறார்கள்.

அதன் வேர் கௌனாஸ் நகரில் இருக்கிறது. முதல் உலகப்போருக்குப் பின் வில்னியஸ் போலந்தின் கைக்குப் போனதால் லித்துவேனியர்கள் கௌனாஸைத் தற்காலிகத் தலைநகராக வைத்துக்கொண்டு, 1920-ல் அங்கே உயர்கல்வி வகுப்புகளைத் தொடங்கினார்கள். 1922-ல் அது பல்கலைக்கழகமானது. 1950-ல் சோவியத் ஆட்சி அதை மூடி, பாலிடெக்னிக் நிறுவனம், மருத்துவ நிறுவனம் என்று இரண்டாகப் பிரித்தது. அந்தக் கௌனாஸ் பாலிடெக்னிக் 1956-ல் வில்னியஸில் மாலை வகுப்புகளைத் திறந்தது. நாம் பேசுகிற பல்கலைக்கழகம் அந்த மாலை வகுப்புகளிலிருந்து வளர்ந்ததுதான். 1969-ல் தனியாகப் பிரிந்து வில்னியஸ் கட்டடப் பொறியியல் நிறுவனம் என்ற பெயரில் நின்றது. நாடு விடுதலையை அறிவித்த 1990-ல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமானது. 1996-ல் கெதிமினாஸ் பெயர் சேர்ந்தது. 14-ஆம் நூற்றாண்டின் கோமகன் அவர். 1323-ல் ஜெர்மன் நகரங்களுக்குக் கடிதம் எழுதி, கைவினைஞர்களே எங்கள் ஊருக்கு வாருங்கள் என்று அழைத்தவர். பொறியியல் பள்ளிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

கட்டடம் கட்டச் சொல்லிக்கொடுத்த இடத்துக்கு முடிவெடுக்கும் கணக்கில் எப்படிப் பெயர் வந்தது? முதல் ரெக்டர் (பல்கலைக்கழகத் தலைவர்) அலெக்சாந்தராஸ் சீராஸ் கட்டமைப்பு இயக்கவியல்காரர். விட்டத்தையும் சட்டகத்தையும் மிகக் குறைந்த பொருளில் முடிப்பது எப்படி என்பதை நேரியல் நிரலாக்கத்தால் (லீனியர் புரோகிராமிங்) கணக்கிட்டவர். அவருக்குப் பின் 1990 முதல் 2002 வரை ரெக்டராக இருந்த எட்மண்டாஸ் சவாட்ஸ்காஸ் இருப்பதில் மிகச் சிறந்ததைக் கணக்கிட்டுத் தேடும் அதே உகப்பாக்கச் சிந்தனையைத் திட்டத் தேர்வுக்குக் கொண்டுவந்தார். அவரும் அர்த்தூராஸ் கக்லௌஸ்காஸும் மற்றவர்களும் 1990-களின் நடுவில் கோப்ராஸை வெளியிட்டார்கள். விலையைச் சோவியத் திட்டக்குழு நிர்ணயித்த காலம் முடிந்து சந்தை வந்த நேரம் அது. ஒப்பந்தப்புள்ளிகளை ஒப்பிட ஒரு முறை தேவைப்பட்டிருக்கும் என்பது என் ஊகம். பிறகு 2010-ல் ஆராஸ், சுவாரா, 2012-ல் வாஸ்பாஸ் என்று இதே வகை முடிவெடுக்கும் முறைகள் வரிசையாக வந்தன.

மாணவியிடம் இந்தச் சின்னக் கணக்கைக் கையாலேயே போட்டுப் பார்க்கச் சொல். மூன்று கூரைகள்: செலவு 10, 12, 18 லட்சம், ஆயுள் 20, 30, 50 ஆண்டு. எடை, அதாவது எதற்கு எவ்வளவு முக்கியத்துவம் என்பது, செலவுக்கு 0.6, ஆயுளுக்கு 0.4. ஒவ்வொரு மதிப்பையும் அதன் நிரலின் (செலவு ஒரு நிரல், ஆயுள் ஒரு நிரல்) கூட்டுத்தொகையால் (40, 100) வகுத்து எடையால் பெருக்க வேண்டும். ஆயுள் பக்கம் 0.08, 0.12, 0.20 வரும், செலவுப் பக்கம் 0.15, 0.18, 0.27. செலவு குறைந்தால்தானே நல்லது, அதனால் அந்தப் பக்கத்தின் மொத்தம் 0.6-ஐத் தலைகீழ் விகிதத்தில் மூன்றுக்கும் பங்கிட வேண்டும்: 0.251, 0.209, 0.140. இரண்டையும் கூட்டினால் 0.331, 0.329, 0.340. மூன்றாவது கூரை முதலிடம். முதல் கூரை அதில் 97.5 விழுக்காடு, இரண்டாவது 97.

இப்போது எடையை 0.7, 0.3 என்று மாற்றட்டும். 0.353, 0.334, 0.313 வரும். முதலிடத்தில் இருந்த கூரை கடைசிக்குப் போய்விட்டது! ஆய்வேடுகளில் நான் பார்க்கும் பெரிய ஓட்டை இதுதான். எடையைக் குத்துமதிப்பாகப் போட்டுவிட்டு, விடையை மூன்று தசமம் வரை நம்புகிறார்கள். எடையை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்த அட்டவணை இல்லாமல் எந்தக் கோப்ராஸ் முடிவையும் நீ ஏற்காதே. நான்காவதாக ஒரு கூரையைச் சேர்த்தால் நிரலின் கூட்டுத்தொகை மாறும், பழைய மூன்றின் வரிசைகூடக் குலையலாம். சதுர அடிச் செலவு, மொத்தச் செலவு இரண்டையும் அளவுகோலாக வைத்தால் ஒரே விஷயத்தை இருமுறை எண்ணியதாகும். குறை எண் (மைனஸ்) வரும் அளவுகோலை அப்படியே நுழைக்கவும் கூடாது.

படிப்பு விஷயம். இளநிலை 4 ஆண்டு, 240 கிரெடிட். முதுநிலை 2 ஆண்டு, 120 கிரெடிட். அதில் 30 ஆய்வேட்டுக்கே போய்விடும். ஆண்டுக்கு 60 கிரெடிட் என்றால் 1,600 மணி நேர உழைப்பு, வீட்டில் படிப்பதும் சேர்த்துத்தான். மதிப்பெண் பத்துக்கு, தேற ஐந்து. பருவத்தின் நடுவில் தரும் பணிகளும் இறுதி மதிப்பெண்ணில் சேரும். கடைசி வாரம் விழித்துப் படித்து ஈடுகட்டும் நம் பழக்கம் அங்கே செல்லாது. பாடத்திட்டத்தின் தலைப்பைப் பார்த்து விண்ணப்பிக்காமல் பாடப்பிரிவுப் பட்டியலைத் திறந்து படிக்கச் சொல். பட்டச் சான்றிதழுக்கு மாநில அளவிலான சரிபார்ப்பு முடிந்த பிறகுதான் அதை வெளிநாட்டில் செல்லுபடியாக்கும் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை கிடைக்கும், அதனால் அந்த வேலையை முதலிலேயே ஆரம்பிக்கட்டும். செப்டம்பரில் வகுப்பு தொடங்கிவிடும்.

அவள் தம்பிக்கு விமானப் படிப்பில் ஆசை என்றாயே, அதற்கும் அங்கே இடம் உண்டு: அன்தானாஸ் குஸ்தைதிஸ் விமானவியல் நிறுவனம். குஸ்தைதிஸ் 1925-லிருந்து ஆன்போ விமானங்களை வடிவமைத்தவர். 'அன்தானாஸ் வானில் இருக்க விரும்புகிறான்' என்ற லித்துவேனிய வாக்கியத்தின் முதலெழுத்துகள்தான் அந்தப் பெயர். 1941-ல் சோவியத்துகள் அவரை மாஸ்கோவில் சுட்டுக் கொன்றார்கள். விமானியாக விரும்பினால் ஐரோப்பிய விதிப்படி முதல் வகுப்பு மருத்துவச் சான்று வேண்டும், வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளருக்கு மூன்றாம் வகுப்பு. நிறக்குருடு பலரை அங்கேதான் நிறுத்துகிறது. கட்டணம் கட்டுவதற்கு முன் பையன் கண்ணைப் பரிசோதித்துவிடட்டும்.

மாணவியின் எடை அட்டவணை தயாரானதும் அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
ராகவன்