எங்கள் ஹெரால்டு சேஸிக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

முடிச்சூரில் எங்கள் வீட்டு ஷெட்டிலேயே அப்பாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காருக்குச் சேஸி (அடிச்சட்டம்) வேலை முடிந்துவிட்டது. போன வாரம் வண்டி தெருவைச் சுற்றி வந்ததைப் பார்த்தவர்கள் என்னைத்தான் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டில் பெரும்பங்கு வேறு சிலருக்குப் போக வேண்டும். அதற்காகவே இந்த மடல்.

வண்டி 1966 மாடல், இரண்டு கதவு. பக்கத்துப் பெருங்களத்தூரில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் செய்தது. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூருக்குள் புகுந்தபோது ஷெட்டிலும் தண்ணீர் நின்றது. வெளியே எல்லாம் கழுவித் துடைத்தோம். ஆனால் ஹெரால்டு சேஸி தகட்டைப் பெட்டியாக மடித்துச் செய்தது. உள்ளே போன சேறு அங்கேயே தங்கி, ஈரத்தைப் பிடித்துவைத்து, உள்ளிருந்தே இரும்பைத் தின்றுவிட்டது.

இன்றைய கார்களில் பெரும்பாலும் பாடியே சுமை தாங்கும். ஹெரால்டில் நடுவே இரண்டு நீளமான உத்தரங்கள் ஓடும். அவற்றிலிருந்து கைகளை நீட்டியது போல இருபுறமும் அவுட்ரிக்கர்கள். பாடி அவற்றின்மேல் போல்ட்டில் உட்கார்ந்திருக்கும். எங்கள் வண்டியில் உத்தரங்கள் பிழைத்திருந்தன, அவுட்ரிக்கர் ஒன்றுகூடத் தேறவில்லை. வேறு சேஸி வாங்கி மாட்டச் சொன்னவர்கள் உண்டு. அப்பா ஓட்டிய வண்டி அதுவாகவே இருக்கட்டும் என்றார் அம்மா. சரி, இருப்பதையே சீர்செய்வது என்று முடிவானது.

முதல் நன்றி அந்தத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற ஐயாவுக்கு. ஐயா, வெட்டும் மெஷினை நான் எடுப்பதற்கு முன்பே நீங்கள் தூக்குகுண்டைக் கேட்டீர்கள். சேஸியை மட்டம் பார்த்து ஸ்டாண்டில் ஏற்றி, ஒவ்வொரு போல்ட் துளையிலிருந்தும் குண்டை இறக்கி, சிமென்ட் தரையில் புள்ளி வைத்து, குறுக்களவுகளை எடுக்க வைத்தீர்கள். இரண்டு குறுக்களவும் ஒத்துப்போனால்தான் சேஸி நேராக இருக்கிறது என்று அர்த்தம். எல்லாவற்றையும் ஒரேயடியாக வெட்டாதே, ஒன்றை வெட்டி ஒன்றை வைத்த பிறகு அடுத்ததைத் தொடு என்று சொல்லி, வலி இருந்த முழங்காலோடு பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தீர்கள். இன்று வண்டியின் இரண்டு கதவுகளும் ஒரே தள்ளலில் மூடிக்கொள்கின்றன. அது உங்கள் வேலை.

புதுப்பேட்டை வெல்டிங் பாய்க்கு அடுத்து. பாய், பழைய அவுட்ரிக்கரை வைத்து அட்டையில் அச்சு எடுத்து, 16 கேஜ் தகட்டை மடித்துக் கொடுத்தீர்கள். அப்புறம் சி.ஓ.டூ வெல்டிங் செட்டை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கே வந்தீர்கள். ஒரே இடத்தில் நீளமாக ஓட்டினால் சூட்டில் தகடு இழுத்துக்கொள்ளும் என்று இங்கே ஒரு பொட்டு, எதிர்ப்பக்கம் ஒரு பொட்டு, ஆறவிட்டு மறுபடியும் என்று பொறுமையாகப் பிடித்தீர்கள். அவசரமாக முடித்துக் கொடுத்திருந்தாலும் அன்று எனக்குத் தெரிந்திருக்காது.

நம் ஹெரால்டுக்கு மூலமான ட்ரையம்ப் ஹெரால்டை இங்கிலாந்தில் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர், முகம்கூடப் பார்க்காத எனக்கு, பழைய பட்டறைக் கையேட்டிலிருந்து சேஸி அளவுப் படத்தைப் படியெடுத்து அனுப்பினார். முன்சக்கரத்து ட்ரன்னியனுக்கு (சக்கரம் திரும்ப உதவும் மரை போட்ட மூட்டு) கிரீஸ் வேண்டாம், 90 நம்பர் கியர் ஆயில்தான் என்று கூடவே எழுதியிருந்தார். அது சரியாகப் போகாவிட்டால் மரைகள் தேய்ந்து, ஓடும்போதே சக்கரம் மடங்கக்கூடும். அந்த ஒரு வரிக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

தெருவில் கிரிக்கெட் ஆடும் தம்பிகளே, ஆட்டத்தை நிறுத்திவிட்டு வந்து பாடியைத் தூக்கினீர்கள், திரும்ப வைக்கும்போதும் வந்தீர்கள். ஹெரால்டு பாடி முன்சீட்டுக்குக் கீழே இரண்டாகப் பிரியும் என்பதால் சுமை குறைவு என்று நான் சொன்னதை நம்பித் தூக்கியதற்கும் சேர்த்து நன்றி! பாடிக்கு அடியில் வைக்க கன்வேயர் பெல்ட் ரப்பரை வட்டம் வட்டமாக அறுத்துக் கொடுத்து, காசு வாங்க மறுத்த லேத் பட்டறை அண்ணனுக்கும் நன்றி.

பக்கத்து வீட்டு அக்கா, கிரைண்டர் சத்தத்தையும் துருத் தூளையும் தாங்கியது போதாதென்று மதியம் மோரும் கொடுத்தனுப்பினீர்கள். பெண்ணின் பரீட்சை நாட்களில்கூட நிறுத்தச் சொல்லவில்லை. நாங்களாகத்தான் நிறுத்தினோம்.

சேஸிப் பெட்டிக்குள் இப்போது மெழுகு அடித்து, தண்ணீர் வடியத் துளைகளும் விட்டிருக்கிறோம். பாய் வெட்டிய அட்டை அச்சுகளும் ஐயா எழுதிய அளவுத் தாளும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. ஹெரால்டு சேஸியோடு போராடுபவர் யாராக இருந்தாலும் வந்து படியெடுத்துக்கொள்ளலாம். ஐயா கூடவே வரத் தயார் என்கிறார்.

அன்புடன்,
முடிச்சூர் ஹெரால்டு குடும்பம்